கரவனில் தொலைக்காட்சி: பற்றரியில் ஓட்டுவதும் அதிரும் சுவரில் பொருத்துவதும்

மார்கழி வாடை மழையில் கரவன் என்ற இழுவை வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தவர் எவரும், இத்தனை சிறிய இடத்துக்குள் தொலைக்காட்சி எதற்கு என்று கேட்க மாட்டார். வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலைக் கரையில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில், கிரிக்கெட் இருந்தாலன்றி, பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில்தான் அது வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில்தான் கரவனில் மின்சாரமும் குறைவாக இருக்கிறது. இந்த முரண்பாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பின்னால் வரும் பல தொல்லைகள் வராது.

ஜீப்புக்கோ வானுக்கோ பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறு கரவனை வைத்தே இங்கு எழுதுகிறேன். வானையே வீடாக மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எங்களுடையது பதின்மூன்று அடி நீளமானது. இரு சக்கர ட்ரெய்லரின் அடித்தளத்தில் சதுர இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே மெல்லிய பிளைவுட்டும் போர்த்தி, இரண்டுக்கும் நடுவே வெப்பம் தாங்க ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை நிரப்பி, திருகோணமலையிலேயே ஒரு பட்டறையில் செய்வித்தோம். வெளிநாடுகளில் தொழிற்சாலையில் செய்யப்படும் கரவன்களின் சுவரும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். சட்டம் மட்டும் மரமாகவோ அலுமினியமாகவோ இருக்கும்.

பெரும்பாலானோர் மலிவு விற்பனையில் பெட்டியை முதலில் வாங்கிவிடுகிறார்கள்; பிறகு அதை மாட்டுவதற்குச் சுவர் தேடுகிறார்கள்; எல்லாம் முடிந்த பிறகுதான் மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்று யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், இரண்டு தடவை பணம் செலவழித்தேன். பற்றரி எவ்வளவு கொடுக்கும் என்பதே எந்தப் பெட்டி வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பெட்டியின் பாரம்தான் சுவரில் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

பற்றரியிலிருந்து தொடங்கும் கணக்கு

கரவனில் வைக்கும் பற்றரி வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பற்றரி அல்ல. ஸ்டார்ட் பற்றரி சில விநாடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மணிக்கணக்கில் இறைத்தால் சில மாதங்களில் செத்துவிடும். ஆழமாக வடிக்கக்கூடிய, சோலாருக்கென்று விற்கப்படும் பற்றரியே வேண்டும். அதிலும் ஈய அமில வகையாக இருந்தால் 100 அம்பியர் மணி (ஒரு அம்பியரை நூறு மணி நேரம் கொடுக்கும் அளவு) என்று எழுதியிருப்பதில் பாதியை, அதாவது 50 அம்பியர் மணியை மட்டும் உங்களுடையது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லிதியம் இரும்பு பொஸ்பேட்டு வகையில் அதே 100இல் 80 வரை தயக்கமின்றி எடுக்கலாம். விலைதான் தயங்க வைக்கும்.

இப்போது இரண்டு பெட்டிகளை எடுத்துப் பார்ப்போம். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 24 அங்குலப் பெட்டி, வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்தால், ஏறக்குறைய 24 வாட் எடுக்கும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 2 அம்பியர். இரவில் நான்கு மணி நேரம் பார்த்தால் 8 அம்பியர் மணி. டிஷ் அன்ரனாவின் பெட்டிக்கு இன்னுமொரு 4 என்று வைத்தால் மொத்தம் 12. மறுபக்கம், வீட்டில் இருக்கும் 32 அங்குலப் பெட்டி 45 வாட் எடுப்பதாகக் கொள்வோம். அது 230 வோல்ட்டில் ஓடுவதால், பற்றரியின் 12 வோல்ட்டை 230ஆக மாற்றும் இன்வேர்ட்டர் வேண்டும். இன்வேர்ட்டர் தனக்கென்று நூற்றுக்குப் பதினைந்து வரை விழுங்கும். ஆகவே பற்றரியிலிருந்து போவது ஏறக்குறைய 53 வாட், அதாவது 4.4 அம்பியர், நான்கு மணி நேரத்துக்கு 18 அம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு. டிஷ் பெட்டியையும் சேர்த்தால் 22. இத்துடன் முடியவில்லை. படம் பார்த்து முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு இன்வேர்ட்டரை அணைக்காமல் தூங்கிவிட்டால், அது சும்மா இருந்தபடியே 8 வாட் எரிக்கக்கூடும். பத்து மணி நேரத்தில் ஆறரை அம்பியர் மணி ஆளில்லாமல் கரைந்துபோகும். சிறிய பெட்டியில் மூன்று மணி நேரம் பார்க்கும் மின்சாரம் அது.

தொலைக்காட்சி மட்டும் பற்றரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. திருகோணமலைப் புழுக்கத்தில் இரவு முழுவதும் ஒரு 12 வோல்ட் மின்விசிறி ஓட வேண்டும். அதற்கு 16, மின்குமிழ்களுக்கும் கைப்பேசிகளுக்கும் 5 என்று சேர்த்தால், சிறிய பெட்டி வைத்திருப்பவருக்கு ஒரு நாளில் 33 அம்பியர் மணியும், பெரிய பெட்டியும் அணைக்காத இன்வேர்ட்டரும் வைத்திருப்பவருக்கு ஐம்பதும் போகும். முதலாமவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாமவர் விடியும்போது தம் பங்கு ஐம்பதையும் முடித்திருப்பார்.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பதின்மூன்று அடிக் கரவனுக்கு 24 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். படுக்கைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் ஒன்றரை மீற்றர்கூட இல்லாத இடத்தில் 32 அங்குலம் கண்ணுக்கும் நல்லதல்ல, சுவருக்கும் நல்லதல்ல.

வாங்கும் முன் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் சிட்டையை வாசியுங்கள். மூன்று விதம் உண்டு. வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட பெட்டியில், ஏற்கும் மின்னழுத்தம் ஒரு வீச்சாக எழுதப்பட்டிருக்கும். அதை நேராகப் பற்றரியில் கொடுக்கலாம். இரண்டாவது, வெளியே தனி அடப்டர் வைத்து 12 வோல்ட்டில் ஓடும் வீட்டுப் பெட்டி. இதையும் நேராகக் கொடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். 12 வோல்ட் பற்றரி என்பது பெயர்தான். சோலாரோ வண்டியின் எஞ்சினோ ஏற்றும்போது அது 14.4 வோல்ட்டைத் தாண்டும், வடிந்த பற்றரி பாரம் ஏறும்போது 11.5க்கு இறங்கும். சரியாக 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் பெட்டிக்கு நடுவில், கூடினாலும் குறைந்தாலும் 12ஆகவே வெளிவிடும் ஒரு சிறிய டிசி கன்வேர்ட்டரைப் போடுங்கள். 19 வோல்ட் என்று அடப்டரில் எழுதியிருந்தால், 19க்கு உயர்த்தும் கன்வேர்ட்டர் வேண்டும். மூன்றாவது, 230 வோல்ட் வயர் நேராக உள்ளே போகும் பெட்டி. இதற்கு இன்வேர்ட்டரைத் தவிர வழியில்லை. உள்ளே திறந்து 12 வோல்ட் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் உண்டு. அணைத்த பிறகும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் அந்த விளையாட்டு வேண்டாம்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள வீட்டு மின்சாரம் 120 வோல்ட். சிட்டையில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் இருந்தால் இங்கே செருகிய கணமே புகைந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், வட அமெரிக்க ஒளிபரப்பு முறை வேறு என்பதால் அந்தப் பெட்டியின் டியூனர் நம் அன்ரனாவில் எதையும் பிடிக்காது. டிஷ் பெட்டிக்கும் பென் டிரைவுக்கும் மட்டும் அது உதவும். பிரித்தானியாவில் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அங்கிருந்து வரும் பெட்டியில் மின்சாரத் தொல்லை இராது.

இன்வேர்ட்டர் வேண்டியவர்கள், சுத்தமான சைன் அலை தரும் வகையை வாங்குங்கள். மலிவான மற்ற வகையில் பெட்டி இரைவதும் படத்தில் கோடுகள் ஊர்வதும் சகஜம். பெட்டிக்கு 300 வாட் தாராளம். பெரிய இன்வேர்ட்டர் சும்மா இருக்கும்போதும் அதிகம் தின்னும் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று 1500 வாட் வாங்க வேண்டாம். அதைப் பற்றரிக்கு அருகில் வையுங்கள், ஆனால் ஈய அமிலப் பற்றரி இருக்கும் அதே பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஏற்றும்போது வெளிவரும் ஐதரசன் வாயுவுக்கு ஒரு சிறு பொறி போதும். 300 வாட்டை முழுமையாக எடுத்தால் 12 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 30 அம்பியர் ஓடும். ஆகவே பற்றரிக்கும் அதற்கும் இடையில் ஒரு மீற்றருக்கு மேற்படாத 10 சதுர மில்லிமீற்றர் வயரும் 40 அம்பியர் பியூஸும் தேவை.

வயர்

கரவனில் தொலைக்காட்சி தானாக அணைந்து அணைந்து வருகிறது என்று முறையிடுபவர்களில் பலருக்குப் பெட்டியில் கோளாறு இருப்பதில்லை. வயர் மெல்லியதாக இருக்கும். 230 வோல்ட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது பெரிய இழப்பு. பற்றரியிலிருந்து பெட்டிக்கு ஐந்து மீற்றர் தூரம் என்றால், போக வரப் பத்து மீற்றர் செப்பு. அதில் 3 அம்பியர் ஓடும்போது, 1 சதுர மில்லிமீற்றர் வயரில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இழக்கிறோம், 2.5 சதுர மில்லிமீற்றரில் 0.2 வோல்ட் மட்டுமே. மாலையில் பற்றரி 12.1இல் இருக்கும்போது இந்த வேறுபாடுதான் படம் ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். 2.5ஐயே போடுங்கள்.

எந்த வயர் என்பதும் உண்டு. நான் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சாதாரணச் செப்பு வயரைச் சுருளாகத் தூக்கிக்கொண்டு போனபோது, மீன்பிடி வள்ளங்களுக்கு மின்வேலை செய்யும் கிண்ணியா நானா ஒருவர் அதன் நுனியை நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வீட்டுச் சுவருக்குள்ள போற வயர். கடக்கரையில ரெண்டு மழைக்குப் பச்சை புடிச்சிரும். ஈயம் பூசின வயர் வாங்குங்க” என்றார். அவர் காட்டிய வயரின் இழைகள் செந்நிறமாக இல்லாமல் வெள்ளி நிறமாக இருந்தன. இழைகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். தகரம் என்ற உலோகத்தைத்தான் பேச்சுவழக்கில் ஈயம் என்கிறோம். அந்தப் பூச்சு உப்புக் காற்றிலிருந்து செப்பைக் காக்கிறது. வள்ளச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் இது கிடைக்கும், விலை கூடத்தான். ஒற்றைத் தடித்த கம்பியுள்ள வீட்டு வயரைக் கரவனில் போடவே கூடாது. அதிர்வில் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே முறிந்துவிடும், முறிந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமையும் முறிந்துவிடும்.

பியூஸைப் பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். தொலைக்காட்சியைக் காப்பதற்காகத்தான் பியூஸ் என்று நினைத்து அதைப் பெட்டியின் அருகில் போடுகிறார்கள். அது வயரைக் காப்பதற்காக இருப்பது. நடுவழியில் வயர் இரும்புச் சட்டத்தில் உரசி உறை கிழிந்தால், பற்றரி தன் முழுப் பலத்தையும் அந்த இடத்தில் கொட்டும். பியூஸ் தொலைவில் இருந்தால் அதுவரையுள்ள வயர் முழுவதும் பழுக்கும். 24 அங்குலப் பெட்டிக்கு 5 அம்பியர் பியூஸ் போதும். சட்டத்தைத் துளைத்து வயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் இடுங்கள். எரிவாயுக் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

இணைப்புகளை முறுக்கி ரேப் சுற்றும் பழக்கத்தைக் கரவனுக்கு வெளியே விட்டுவிடுங்கள். முனைகளில் லக் என்ற செப்பு வளைய முனையைப் போட்டு, அதற்கென்றுள்ள குறட்டால் நெரித்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றுங்கள். சிகரெட் லைட்டர் வடிவச் செருகிகள் வண்டி ஓடும்போது தாமாக வெளியே வந்துவிடும். திருகி இறுக்கும் முனைகளே நல்லவை. பெட்டியில் செருகும் முன் மல்டிமீட்டரால் நேர் முனை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் செருகியின் நடுக்குழி நேர் முனை. சிட்டையில் அதற்கு ஒரு சிறு படம் இருக்கும். மாற்றிக் கொடுத்தால் ஒரு கணத்தில் பெட்டி போய்விடும்.

சோலாரைப் பற்றிச் சுருக்கமாக. வரண்ட மாதங்களில் திருகோணமலையில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான சக்தி கிடைக்கும். கூரையில் தட்டையாகக் கிடந்து சூடேறும் 100 வாட் பனலில், இழப்புகள் போக 350 வாட் மணி, அதாவது ஏறக்குறைய 27 அம்பியர் மணி தேறும். மேலே சொன்ன 33க்கு ஒரு பனல் போதாது, இரண்டு வேண்டும். பனலுக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். சூடான பனல் குறைவாகவே தரும். கச்சான் காற்று அள்ளி வரும் மணல் தூசியை வாரம் ஒருமுறை துடையுங்கள். மாரி மழையில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. அப்போது விடுதியிலோ உறவினர் வீட்டிலோ வயர் இழுப்பதே வழி.

அப்படி வெளியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும்போது மூன்று கம்பியுள்ள வயரையே பாவியுங்கள். நில இணைப்பு கரவனின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். கரவனுக்குள் நுழைந்தவுடன் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பார்த்த பிறகே மற்றவற்றை ஓட்டுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு இறங்கிக் கரவனின் கதவைப் பிடிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டால் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வயர் சுருளில் மிச்சம் இருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே பாரம் ஏற்றினால் உள்ளே உருகும். இந்தப் பகுதியை மட்டும் நீங்களாகச் செய்யாமல் தகுதியுள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள்.

சுவர்

வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது போல இங்கே அடிக்க முடியாது. 3 மில்லிமீற்றர் பிளைவுட்டுக்குப் பின்னால் ரெஜிபோம், அதற்குப் பின்னால் தகடு. கரவனைக் கட்டிய பட்டறைத் தம்பி, சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், “அண்ணே, இதில எல்லாம் வெறும் காத்து. இந்தா, இதில கேளுங்க” என்று ஓரிடத்தில் நிறுத்தினார். அதுவரை பொத்தென்று கேட்ட ஓசை அங்கே டக்கென்று கேட்டது, அதுதான் சட்டம். இரும்புச் சட்டமென்றால் நூலில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிட்டு நகர்த்தினாலும் இடம் தெரியும். அலுமினியத்தைக் காந்தம் காட்டாது; அதைப் பிடித்திருக்கும் இரும்புத் திருகாணிகளின் தலைகளைத்தான் காட்டும். மரச் சட்டத்திலும் அவ்வாறே.

சட்டம் நீங்கள் விரும்பும் இடத்தில் ஒருபோதும் இராது. அதற்காகத்தான் 12 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை ஒன்றை, இரண்டு சட்டங்களையும் எட்டும் அகலத்துக்கு வெட்டி, சட்டங்களில் போல்ட் போட்டுப் பிடித்து, அந்தப் பலகையில் தாங்கியைப் பொருத்துகிறோம். மெல்லிய குழாய்ச் சட்டத்தில் திருகாணி நிலைக்காது; ரிவெட் நட்டு (துளைக்குள் இறுகி நிற்கும் புரியுள்ள குழல்) ஏற்றி அதில் போல்ட் இறுக்குங்கள். பலகையின் விளிம்புகளை உருட்டித் தேய்த்து வார்னிஷ் பூசினால் பார்வைக்கும் மோசமில்லை.

ஐந்து கிலோகூட இல்லாத பெட்டிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். பெட்டி நான்கு கிலோ. மடக்கி இழுக்கும் தாங்கியில் அதைச் சுவரிலிருந்து 40 சென்ரிமீற்றர் வெளியே இழுத்திருக்கிறீர்கள். தாங்கியின் மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடைவெளி 15 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்கின்படி மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை நான்கு கிலோ அல்ல, ஏறக்குறைய பதினொரு கிலோ. இது கரவன் நிற்கும்போது. ஓடும்போது குழியில் சக்கரம் விழுந்தெழும் அந்தக் கணத்தில் இதுவே இரண்டு மூன்று மடங்காகும். ஒரு தடவை அல்ல, ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான தடவை. ஆகவே ஓடும்போது பெட்டி சுவரோடு ஒட்டி மடங்கியிருப்பதும், மடங்கிய நிலையில் பூட்டியிருப்பதும் கட்டாயம்.

பூட்டு என்றால் உலோகப் பூட்டு. என்னுடைய முதல் தாங்கியில் பிளாஸ்டிக் ஊசி ஒன்று பூட்டு என்ற பெயரில் இருந்தது. ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் வரும் வழியில், அந்திப் பொழுதில், காட்டோரத்திலிருந்து ஒரு யானை வீதிக்கு ஏறியது. பிரேக்கை அழுத்தி நின்றோம். யானை நிதானமாகக் கடந்து போனது. கரவனைத் திறந்து பார்த்தபோது ஊசி இரண்டாகக் கிடந்தது. கை முழு நீளத்துக்கும் விரிந்து, பெட்டியின் மூலை அலுமாரியின் விளிம்பில் மோதி, திரையில் சிலந்தி வலை பின்னியிருந்தது. இப்போதுள்ள தாங்கியில் உருக்குக் கம்பி ஊசி இருக்கிறது. அதற்கு மேல், பெட்டியைச் சுற்றி ஒரு பட்டியைப் போட்டுக் கொக்கியில் மாட்டுகிறேன். சில மணி நேரப் பயணத்துக்கு இது போதும். மட்டக்களப்பு தாண்டி அறுகம்பே வரை போவதென்றால் பெட்டியைத் தாங்கியிலிருந்து கழற்றி, கம்பளியில் சுற்றி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிறுத்திவைக்கிறேன். படுக்க வைக்கக் கூடாது. மெல்லிய திரை நடுவில் வளைந்து நொறுங்கும்.

எந்தச் சுவர் என்பதையும் யோசிக்க வேண்டும். கரவனின் பின்கோடிதான் அதிகம் குதிக்கும்; சக்கர அச்சுக்கு அருகில் உள்ள சுவர் குறைவாக அதிரும். அடுப்புக்கு மேலும் பக்கத்திலும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய் ஆவி பெட்டியின் காற்றுத் துளைகளில் படிந்து கறுக்கும். காலை வெயில் நேராக விழும் கிழக்கு யன்னலுக்கு எதிரே வைத்தால் திரையில் கடல்தான் தெரியும். உயரத்தை, அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக என்று வீட்டில் சொல்வார்கள். கரவனில் பாதி நேரம் படுத்தபடியே பார்க்கிறோம் என்பதால், ஒரு கடதாசி அட்டையைப் பெட்டியின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, படுத்தும் இருந்தும் ஒரு நாள் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.

பெட்டியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி, வேசா அளவு என்று சொல்லப்படுவது, சிறிய பெட்டிகளில் 75 அல்லது 100 மில்லிமீற்றர், சற்றுப் பெரியவற்றில் 200. தாங்கியை அதற்கேற்ப வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. திருகாணியின் நீளத்தில்தான் பிழை விடுகிறார்கள்: நீளம் கூடினால் அது உள்ளே போய் மின்சுற்றுப் பலகையைக் குத்தும், குறைந்தால் இரண்டு புரியில் மட்டும் தொங்கும். ஒரு தென்னை ஈர்க்கைத் துளைக்குள் மெதுவாக விட்டு, அடியில் தட்டுப்படும் இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். அந்த ஆழத்தோடு தாங்கித் தகட்டின் தடிப்பைக் கூட்டி, ஒன்றரை மில்லிமீற்றரைக் கழித்தால் திருகாணியின் நீளம் வரும்.

உப்பு

உப்புவெளி என்று ஊருக்குப் பெயர் இருப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். என் கரவனின் திருகாணிகளைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமென்றே தோன்றும். தாங்கியோடு பொதியில் வரும் மஞ்சள் பூச்சுத் திருகாணிகள் இங்கே ஒரு மாரி தாண்டாது. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். கடலோரத்துக்கு 316 என்ற ரகம் 304ஐவிட மேல். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராக அலுமினியத்தில் படும்போது, உப்பு ஈரம் இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி பூப்பது அதன் அடையாளம். நைலோன் வாஷரும் கொஞ்சம் வாசலினும் இதைத் தடுக்கும். மின் முனைகளிலும் இறுக்கிய பின் வாசலினை மெல்லியதாகப் பூசுங்கள். கரவனைச் சில வாரங்கள் பூட்டி வைப்பதானால் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோவதே நல்லது. முடியாவிட்டால் துணி உறை போடுங்கள், பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கும்.

படம் வரும் வழி

தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்கப் பழைய மீன்முள் அன்ரனாவே இன்றும் சிறந்தது. மடக்கும் கம்பத்தில் அதைப் பொருத்தி, 75 ஓம் கேபிளால் இணைத்து, புறப்படும் முன் இறக்குவதை மறக்காதபடி கரவனின் கொளுக்கிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள்: அன்ரனா ஏறினால் துணி கொளுக்கியில், இறங்கினால் துணி உள்ளே. டிஷ் வைத்திருப்பவர்கள் முக்காலி ஒன்றில் அதைப் பொருத்தி மணலில் ஊன்றலாம். எந்தத் திசை என்று திகைக்க வேண்டாம். அதே நிறுவனத்தின் டிஷ் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும். அது பார்க்கும் பக்கத்தையும் சாய்வையும் கண்ணால் அளந்து உங்களுடையதை அதற்குச் சமாந்தரமாக வைத்துவிட்டு, சமிக்ஞை அளவைத் திரையில் பார்த்தபடி விரலளவு விரலளவாக நகர்த்துங்கள். பனைமரம் மறைத்தால் படம் வராது; தள்ளி ஊன்றுங்கள். படத்தில் புள்ளிகள் ஓடினால் அன்ரனாவைத் திட்டும் முன் இன்வேர்ட்டரையும் சோலார் கன்ட்ரோலரையும் மலிவான எல்ஈடி விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றுதான் இரைச்சலை எழுப்பிக்கொண்டிருக்கும். மழை நாட்களுக்கென்று பிள்ளைகளின் படங்களை ஒரு பென் டிரைவில் வைத்திருப்பது எல்லா அன்ரனாவையும்விட நம்பகமானது.

எல்லாம் முடிந்ததும் முதலில் தூரப் பயணம் போகாதீர்கள். நான் கன்னியா வெந்நீரூற்று வரை போய் வந்தேன். சில கிலோமீற்றர்தான், ஆனால் இறுக்கம் குறைந்தவற்றைக் காட்டிக்கொடுக்க அது போதும். புறப்படும் முன் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. என் கரவனில் எட்டில் இரண்டு கோடுகள் முறிந்திருந்தன, இரண்டும் மேல் வரிசையில். அவற்றைக் கழற்றி, உள்ளே நைலோன் வளையமுள்ள நட்டு போட்டு மறுபடி இறுக்கி, மனைவியின் நகப்பூச்சுப் போத்தலை இரண்டாவது தடவையாக இரவல் வாங்க வேண்டியிருந்தது.